வரையாட்டுக்குச் சாட்சி சொன்ன வழக்கறிஞர்

விலங்குகளை 'வாயில்லாச் சீவன்கள்' என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் அவற்றுக்கு வாய் உண்டு, குரலும் உண்டு. ஆனால் மனிதர் கூடிப் பேசும் மன்றத்தில் எழுந்து நின்று முறையிட அவற்றுக்கு வழி இல்லை. மேய்ந்த புல்வெளியில் மரத்தை நட்டுவிட்டாலும், பரம்பரையாக நடந்த பாதையில் வேலியைப் போட்டுவிட்டாலும், அவை மனுக் கொடுப்பதில்லை, வக்கீல் வைப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் குறைந்து, யாருக்கும் தெரியாமல் மறைந்து போகின்றன.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் போல நம் நீலகிரியில் மெய்யாகவே ஒரு வக்கீல் வாழ்ந்தார். குன்னூரில் குடியிருந்த அவர் பெயர் இ.ஆர்.சி. டேவிதார். தொழில் வழக்காடுவது, மனமோ காட்டில். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வரையாட்டைக் காக்கத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தபோது, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 7ஆம் நாளை 'வரையாடு நாள்' எனக் கொண்டாடவும் ஆணையிட்டது. அந்த நாள் டேவிதாரைச் சிறப்பிப்பதற்காகவே குறிக்கப்பட்டது. ஒரு விலங்கின் பெயரால் ஒரு நாள். அந்த நாளுக்குள் ஒரு மனிதரின் நினைவு! இந்தப் பெருமை அவருக்கு எப்படி வந்தது?

அவர் போர் நடத்தவில்லை. பதவி வகித்து ஆளவும் இல்லை. மலையேறிப் போய் எண்ணினார். எண்ணியதை எழுதினார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையாடு என்பது எது?

'வரை' என்றால் மலை. மலைப்பாறைகளில் வாழும் ஆடு வரையாடு. சங்க இலக்கியத்தில் 'வருடை' என்று பேசப்படுவதும் இதுவே. இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகில் வேறெங்கும் இது இயற்கையில் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டுமே வாழ்கின்றது. வடக்கே நம் நீலகிரி. தெற்கே அகத்தியமலையை ஒட்டிய மலைகள். இவ்விரண்டுக்கும் இடையே ஆனைமலை, பழனிமலை, மேகமலை எனத் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் உச்சிகளே இதன் வீடு.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. வயது முதிர்ந்த கிடாவின் முதுகு வெள்ளி பூசியது போல வெளுத்துவிடும். குதிரைக்குச் சேணம் போட்டாற் போலத் தோன்றுவதால் அந்நாளைய ஆங்கிலேயர் அதனைச் 'சேணமுதுகு' என்ற பொருளில் அழைத்தனர். மழைக்காலத்தில் இணை சேரும். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, சனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி ஈனும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. ஆகவே குறைந்த கூட்டம் மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பகை சிறுத்தையும் புலியும் செந்நாயும். ஓடித் தப்பும் வலிமையை விட, தொலைவிலேயே பகையைக் கண்டுகொள்ளும் கண்ணும், மனிதர் கால் வைக்க அஞ்சும் செங்குத்துப் பாறையில் தாவி நிற்கும் குளம்புமே இதன் காவல். எனவே இதற்கு இரண்டு வேண்டும்: மேயவும் நெடுந்தொலைவு பார்க்கவும் திறந்த புல்வெளி, ஒளிந்துகொள்ள அதன் ஓரத்திலேயே பாறைச்சரிவு. இவ்விரண்டும் சேர்ந்த இடம் நம் மாவட்டத்தில் முக்குர்த்திப் பகுதி. மலையின் மேற்கு விளிம்பில், கீழே கேரளத்து நிலம்பூர்க் காடுகளை நோக்கி நிற்கும் பாறைகள் அவை.

துப்பாக்கியை வைத்துவிட்டவர்

நீலகிரியில் ஆங்கிலேயர் குடியேறிய பின் வரையாட்டுக்குப் பொல்லாத காலம் பிறந்தது. சேணமுதுகுக் கிடாவைச் சுட்டு வீழ்த்துவது துரைமார்களுக்குப் பெரும் வீரமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் இவ்விலங்கு நீலகிரியில் மிகவும் அருகிவிட்டது. சுட்டவர்களுக்கே அச்சம் வந்து, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க நீலகிரிக்கென ஒரு சட்டமும் பிறந்தது. வேட்டைக்குக் காலமும் அளவும் விதித்து, விலங்கு அடியோடு அழியாமல் பார்த்துக்கொள்வதே அவர்கள் எண்ணம். நோக்கம் வேட்டையே ஆயினும், அந்தக் கட்டுப்பாடு வரையாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

அந்த வேட்டைச் சங்கமே பிற்காலத்தில் நீலகிரி வனவிலங்குச் சங்கமாகப் பெயர் மாறியது. பெயர் மாறியது போல உள்ளமும் மாறிய மனிதர்களில் ஒருவர் டேவிதார். அவரும் முதலில் துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குப் போனவரே. பின்னர் அதனைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டார். சங்கத்தில் முன்னின்று உழைத்தார்.

வேட்டைக்காரன் கற்றது வீண் போவதில்லை. காற்று எப்பக்கம் அடிக்கிறது, குளம்படி எப்போது பதிந்தது, எந்த ஓடையில் எந்த நேரத்தில் நீர் குடிக்க வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த அறிவைக் கொல்வதற்கும் பயன்படுத்தலாம், காப்பதற்கும் பயன்படுத்தலாம். டேவிதார் இரண்டாவதைத் தேர்ந்தார்.

மேகத்துக்குள் ஒரு கணக்கெடுப்பு

அந்நாளில் வரையாடு எத்தனை என்று கேட்டால், "நிறைய இருக்கின்றன" என்பார் ஒருவர். "எல்லாம் போய்விட்டன" என்பார் மற்றொருவர். இரண்டுமே காதால் கேட்ட செய்தி. நீதிமன்றத்தில் காதால் கேட்டது சாட்சியாகாது என்பதை வக்கீலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரில் கண்டவன் வேண்டும். கண்ட நாளும் இடமும் வேண்டும். கண்டதன் எண்ணிக்கையும் வேண்டும்.

1963ஆம் ஆண்டு நீலகிரி வரையாடுகளின் கணக்கெடுப்பைப் பற்றி டேவிதார் எழுதிய குறிப்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. 1975இல் நீலகிரியில் மறுபடியும் எண்ணினார். அத்துடன் நிற்காமல், 1975 முதல் 1978 வரை வரையாடு வாழும் மலைகள் அனைத்தையும் ஆராய்ந்து, எங்கெங்கே உள்ளன, எந்நிலையில் உள்ளன என்று விரிவான கட்டுரை ஒன்றை அதே இதழில் 1978இல் வெளியிட்டார். இதன் வாழ்விடம் முழுவதையும் தழுவிய முதல் பெரும் கணக்கு அதுவே. இவ்வுலகில் எஞ்சியுள்ள வரையாடுகள் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நகரத்தில் இருந்துகொண்டு இதனைப் படிப்பது எளிது, செய்வது அரிது. வரையாட்டை எண்ணுவது பட்டியில் அடைத்த ஆட்டை எண்ணுவது போலன்று. காலையிலும் மாலையிலும் மேயும். வெயில் ஏறினால் பாறை நிழலில் படுத்துவிடும். பாறையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகத் தோன்றும். மேகம் மலையை மூடினால் பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது. ஒரு கூட்டத்தை எண்ணி முடிப்பதற்குள் அது முகட்டைத் தாண்டிப் போய், அடுத்த சரிவில் மறுபடியும் எண்ணப்பட்டுவிடக் கூடும். கிடாக்கள் வேறு ஆண்டின் பெரும்பகுதியைப் பெண்களை விட்டுப் பிரிந்தே கழிக்கும். ஆகவே பொறுமை இல்லாதவனுக்கு இந்தக் கணக்கு வராது. குளிரிலும் காற்றிலும் ஒரே பாறை மீது அமர்ந்து காத்திருப்பவனுக்கே வரும்.

டேவிதார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி அல்லர். சட்டத் தொழில் செய்தவர். ஆயினும் அமெரிக்க விலங்கியல் அறிஞர் சார்ஜ் ஷேலர் 1969இல் கேரளத்தின் எரவிகுளத்தில் வரையாட்டை ஆராய வந்ததற்கு முன்பே, நம் ஊர்க்காரர் ஒருவர் இதன் கணக்கை எழுதி அச்சிட்டுவிட்டார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. எரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. நம் முக்குர்த்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. ஒரு மனிதரால் மட்டுமே இவை நடந்தன என்று சொல்வது மிகை. ஆனால் எங்கே எத்தனை உள்ளன என்று தெரியாமல் எந்த அரசும் எந்த எல்லையையும் வரைய முடியாது.

புல் என்றால் வெறும் புல்லா?

சுட்டுக் கொல்வது நின்றபின் வரையாட்டுக்கு என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. ஆனால் வீட்டைப் பறித்துவிட்டு உயிரை மட்டும் காப்பாற்ற முடியுமா?

நீலகிரியின் மேல்மட்டத்தில் இயற்கை அமைத்தது புல்வெளியும் சோலையும் கலந்த நிலம். மேடுகளில் புல், மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. பெய்யும் மழையை இந்த நிலம் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றது. பவானிக்கும் மாயாற்றுக்கும் நீர் தரும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன. சமவெளியில் நெல் விளைவதற்கும் இந்தப் புல்லுக்கும் தொடர்பு உண்டு.

ஆனால் புல்லைக் கண்டவர்கள் அதனை 'வெற்றிடம்' என்று நினைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. முதலில் விறகுக்கு; பின்னர் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும். தேயிலையும் உருளைக்கிழங்கும் ஒரு பக்கம், மின்சாரத்துக்கான நீர்த்தேக்கங்கள் ஒரு பக்கம். இவை எல்லாம் மனிதர் வாழ்வுக்கு உதவியவை என்பதை மறுக்க முடியாது. நம்மில் பலருடைய குடும்பங்கள் தேயிலையால்தானே உணவு உண்கின்றன? ஆயினும் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் நாம் அறிய வேண்டும். சீகை மரம் தானே விதை பரப்பிப் புல்வெளிக்குள் புகுந்தது. அதன் நிழலில் புல் சாகும். புல் செத்தால் மேய்ச்சல் போகும். அதைவிடக் கொடியது, தொலைவில் வரும் பகையைக் காணும் வழி அடைபட்டுவிடும். காப்புக்காகக் கண்ணையே நம்பிய விலங்குக்குக் கண்ணைக் கட்டியது போலாயிற்று.

இன்று சீகை மரத்தை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடைபெறுகின்றது. மேல்பவானிப் பகுதியில் புல்வெளியை மீட்பதும் வரையாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். மரம் நடுவதே புண்ணியம் என்று படித்த நமக்கு, மரத்தை எடுப்பதும் சில இடங்களில் நன்மையே என்பது புதிய பாடம்!

செந்நாயும் யானையும்

டேவிதார் வரையாட்டோடு நின்றுவிடவில்லை. அழகிய விலங்குக்குப் பரிந்து பேசப் பலர் உண்டு. எல்லாராலும் வெறுக்கப்பட்ட விலங்குக்குப் பேசுவோர் சிலரே. செந்நாய் அப்படி வெறுக்கப்பட்ட ஒன்று. அதனைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த வழக்கம் நீடித்தது. அந்தச் செந்நாய் எப்படிக் கூட்டமாக வாழ்கிறது, எப்படி வேட்டையாடுகிறது, குட்டிகளை எப்படி வளர்க்கிறது என்று பார்த்து எழுதினார் டேவிதார். உலகின் காட்டு நாயினங்களைப் பற்றி 1975இல் வெளிவந்த அறிவியல் நூல் ஒன்றில் அவர் எழுதிய அத்தியாயம் இடம் பெற்றது. உணவுக்காகக் கொல்லும் விலங்கைக் 'கொலைகாரன்' என்று தீர்ப்புச் சொல்லுமுன், அதன் வழக்கையும் கேட்க வேண்டாமா? வக்கீலின் நீதி இதுவே.

நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் சீகூர் ஆற்றங்கரையில் அவர் ஒரு வீடு கட்டினார். அதற்குப் புள்ளிமான் உலவும் இடம் என்ற பொருளில் 'சீத்தல் வாக்' என்று பெயர். யானைக்கூட்டங்கள் வந்து போகும் வழி அது. அங்கு வாழ்ந்த அனுபவத்தை அதே பெயரில் ஆங்கில நூலாக எழுதினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1997இல் அதனை வெளியிட்டது. சிறுவர்களுக்காகவும் அவர் எழுதியிருக்கிறார்.

சீகூர்ப் பகுதியின் தனிச்சிறப்பை வரைபடத்தில் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருபுறம் சுவர் போல எழும் நீலகிரி; மறுபுறம் ஆழமான மாயாற்றுப் பள்ளத்தாக்கு. நடுவே இருக்கும் மேட்டு நிலமே மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் வாசல். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும் யானை ஒரே இடத்தில் தங்கினால் காடும் தாங்காது, யானையும் தாங்காது. அது நடந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி. அந்த வாசலை அடைத்துவிட்டால் இருபுறமும் யானை சிறைப்படும். சிறைப்பட்ட யானை ஊருக்குள் வரும். ஏழையின் வாழைத்தோட்டமும் சில வேளை உயிரும் போகும். யானைகளுக்கு இவ்வித வழித்தடங்களை விட்டுவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியவர்களுள் டேவிதார் ஒருவர்.

பல ஆண்டுகள் கழித்து இந்த வழக்கு மெய்யாகவே நீதிமன்றம் ஏறியது. தமிழ்நாடு அரசு 2010இல் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011இலும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தன. வாயில்லாச் சீவனுக்கும் மன்றத்தில் வழக்கு வெல்லும் என்பதற்கு இதுவே சான்று. அப்பகுதியில் வாழும் ஏழை எளிய மக்களின் உரிமையும் இதனோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

தந்தை வழி, மகள் வழி

பெண்கள் பள்ளியின் மலரில் சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. டேவிதாரின் மகள் பிரியா டேவிதார் சூழலியல் அறிஞர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் பேராசிரியையாகப் பணியாற்றியவர். தந்தையின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கியவரும் அவரே.

அவர் ஆராய்ந்த பொருளைக் கேட்டால் வியப்பு உண்டாகும். மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியை நாம் களை என்று ஒதுக்குகிறோம். அதற்கும் சிறு பறவைகளுக்கும் உள்ள உறவை அவர் நீலகிரியில் ஆராய்ந்தார். பூங்கொத்தி என்னும் விரலளவுப் பறவை புல்லுருவியின் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையை வேறு கிளையில் இட்டுச் செல்கின்றது. சில புல்லுருவிகளின் பூ மொட்டு அவற்றின் பழத்தைப் போலவே தோற்றமளிப்பதை அவர் கண்டு 1983இல் எழுதினார். பழம் தேடி வரும் பறவை மொட்டையும் கொத்தும். மொட்டு திறந்து மகரந்தம் பரவும். ஒரே பறவை பூவுக்கும் உதவி, விதைக்கும் உதவி! எல்லாரும் நாள்தோறும் கடந்து செல்லும் மரத்திலேயே இவ்வளவு செய்தி ஒளிந்திருந்தது. நின்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

இன்றைய கணக்கு

டேவிதார் தொடங்கிய கணக்கு இன்றும் தொடர்கின்றது. உலக இயற்கை நிதியம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடு 3,122. தமிழ்நாட்டில் 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் எனக் கண்டார்கள். 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668.

இவ்வெண்களை அவசரப்பட்டுக் கூட்டிக் கழிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் எண்ணிய விதம் வேறு. தேடிய பரப்பும் வேறு. தேடுவோர் கூடினால் எண்ணிக்கையும் கூடித் தோன்றும். ஒன்று மட்டும் உறுதி. உலகில் உள்ள வரையாடு அனைத்தையும் ஓரிடத்தில் நிறுத்தினாலும், நம் மாவட்டத்தில் ஒரு பெரிய பள்ளியின் பிள்ளைகள் அளவுதான் இருக்கும்! அவ்வளவு சிறிய குடும்பம் அது. ஆகவே ஒரு நோயோ, ஒரு பெருந்தீயோ, மாறிவரும் தட்பவெப்பமோ அதற்குப் பேரிடியாகலாம். மலையின் கீழே வெப்பம் கூடினால் பிற விலங்குகள் மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் நிற்கும் வரையாடு எங்கே ஏறும்?

நாம் செய்யக்கூடியது

"நாம் சிறுமியர், நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டாம், தோழியரே. டேவிதாரிடம் முதலில் இருந்தவையும் இரண்டு கண்களும் ஒரு குறிப்பேடும்தான். நாமும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை வந்ததா? எந்த நாள், எந்த நேரம், எத்தனை, கன்று உண்டா என்று எழுதலாம். தொலைவில் நின்று, கிட்டே போகாமல். பள்ளி மைதானத்து மரங்கள் எந்த வாரம் பூத்தன? எந்தப் பறவை எந்த மாதம் வந்து எந்த மாதம் போயிற்று? முதல் உறைபனி எந்த நாள் விழுந்தது? ஓடையில் நீர் எந்த மாதத்தில் வற்றியது?

எழுதும்போது மூன்று விதிகள் போதும். கண்டதை மட்டும் எழுத வேண்டும். கேட்டதைக் கேட்டது என்று தனியே குறிக்க வேண்டும். நாளும் இடமும் விடாமல் எழுத வேண்டும். ஒன்றும் காணாத நாளிலும் 'இன்று ஒன்றும் காணவில்லை' என்று எழுத வேண்டும். இல்லாமையும் ஒரு செய்தியே. ஒரு வகுப்பு எழுதியதை அடுத்த வகுப்பு தொடர்ந்தால், பத்தாண்டில் நம் பள்ளியிடம் வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆவணம் சேர்ந்துவிடும். நம் மலை மாறியதா என்று யாரேனும் கேட்டால், "மாறியது போலத் தோன்றுகிறது" என்று சொல்லாமல், ஏட்டைத் திறந்து காட்டலாம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 7 வரும்போது வரையாட்டின் படத்தை வரைந்து சுவரில் ஒட்டுவது நல்லது. அதைவிட நல்லது, அன்றே அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, கண்டதை எழுதத் தொடங்குவது.